ஒரே சட்டிச் சோறு

அன்று ரூமில் இருந்தவர்கள் நாலு பேர்.

தென்காசிப் பக்கத்து அண்ணன். வெல்டிங். வயது முப்பத்தொன்பது. ரூமில் பெரியவர் அவர்தான்.

கள்ளக்குறிச்சிக்காரன். பெயிண்ட் ஷாப். வாய் ஓயாது.

அரியலூர்க்காரன். பேக்கிங். வாயே திறக்க மாட்டான்.

அப்புறம் நான். வந்தவாசிப் பக்கம். எட்டாவதோடு நின்றவன். ஒரகடத்தில் இவர்களுடையது இல்லாத வேறொரு கம்பெனியில் லோடிங். அதற்கு முன்னால் ரெண்டு வருஷம் மெஸ்ஸில் அடுப்படி வேலை. அதனால் ரூமுக்குச் சமையல் நான்.

சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் மாடி ரூம். ஞாயிற்றுக்கிழமை மதியம். தட்டில் சோறு, கொள்ளு ரசம், முருங்கைக்கீரை. நடுவில் ஒரு பேப்பர். அண்ணனைப் பெர்மனென்ட் பண்ணப் போகிறார்கள். வியாழக்கிழமை மெடிக்கல். வெறும் வயிற்றில் வர வேண்டும்.

அன்று அந்தத் தட்டுகளைச் சுற்றி உட்கார்ந்து பேசியதை அஞ்சு வருஷம் நாங்கள் யாரும் வெளியே சொல்லவில்லை. ஒருத்தர் சொல்ல உயிரோடு இல்லை.

அதற்கு ஒரு வருஷம் முன்னாலிருந்து சொல்ல வேண்டும்.

2008. அண்ணனுக்குக் காய்ச்சல். கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் நாக்கைப் பார்க்கவில்லை, கண்ணைப் பார்த்தார். இமை ஓரத்தில் மஞ்சளாகச் சின்னத் தடிப்பு, ரெண்டு கண்ணிலும். சந்தனம் வச்சிருக்கார் என்று ரூமில் நாங்கள் கிண்டல் பண்ணுவது அதைத்தான்.

"இது எத்தனை நாளா இருக்கு?"

"ரொம்ப வருசமா சார். எங்க அண்ணனுக்கும் இருந்துச்சு."

"அவர் எங்க இருக்கார்?"

"செத்துப்போனாவ. நாப்பத்தொண்ணு. நெஞ்சப் பிடிச்சாவ, அவ்வளவுதான்."

டாக்டர் காய்ச்சலுக்கு எழுதியதோடு ரத்தத்துக்கும் எழுதினார். முன்னூற்றுப் பன்னிரண்டு வந்தது. இருநூறுக்குள் இருக்க வேண்டுமாம். கொலஸ்ட்ரால் என்றார். ரத்தத்தில் கொழுப்பு. மாத்திரை எழுதினார். தினம் ஒன்று, நிறுத்தக் கூடாது. அப்புறம், "யாரு சமைக்கிறது?" என்றார்.

"நான் சார்."

"அப்ப நீ கேளு."

கேட்டேன். எழுதிக்கொள்ளவில்லை. மண்டையில் வைத்துக்கொண்டேன்.

ஆளுக்கு மாசம் அரை லிட்டர் எண்ணெய். அதுக்கு மேல் கிடையாது. பாமாயில் பாக்கெட்டை நிறுத்தினேன். அப்பளம் பொரித்த எண்ணெயை டம்ளரில் எடுத்துவைத்து மறுநாள் தாளிப்போம். அதையும் நிறுத்தினேன். எண்ணெய் பாட்டிலில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டேன். கம்பெனியில் மிஷினுக்கு ஊற்றுகிற ஆயில் டேங்கில் கோடு இருக்கும், அதைப் பார்த்துத்தான். ஒரு கோட்டுக்கு ரெண்டு நாள். கோடு முன்னாலேயே இறங்கிவிட்டால் அடுத்த நாள் வெறும் வேக்காடு.

காலையில் ஓட்ஸ் கஞ்சி, இல்லையென்றால் கம்பு. வெந்தயம் ஊறவைத்தது ஒரு ஸ்பூன். மதியம் கீரை ஏதாவது ஒன்று. கொள்ளு வாரம் மூன்று தரம். கோழி என்றால் தோல் உரித்தது. மத்தி மீன் புளிக்குழம்பு, தேங்காய் இல்லாமல்.

தேங்காய்தான் பெரும் பாடு. அண்ணனுக்கு எல்லாவற்றிலும் தேங்காய் வேண்டும். ஊரிலிருந்து தேங்காய்த் துருவியைத் தூக்கிக்கொண்டு வேலைக்கு வந்த ஆள் அவர் ஒருத்தர்தான். அதை வாங்கிச் சுவரில் ஆணியில் மாட்டினேன்.

"என்னலே, சாமி படம் மாதிரி மாட்டிட்ட?"

"கும்பிட்டுக்கோண்ணா. கை மட்டும் வைக்காத."

கள்ளக்குறிச்சிக்காரன் தட்டைத் தூக்கிப் பார்ப்பான். "மாஸ்டர், இது கொழம்பா, நீ கை கழுவுன தண்ணியா?"

"கொழம்புதான்டா. துன்னு."

"அண்ணனுக்குக் கொழுப்பு இருந்தா அண்ணன் பட்டினி கெடக்கட்டும். நான் என்ன பாவம் பண்ணேன்?"

"ஒரு வூட்ல ரெண்டு அடுப்பு எரிக்க முடியாது. இஷ்டம் இருந்தா துன்னு, இல்லன்னா புரோட்டா கடைக்குப் போ."

போவான். போய்விட்டு வந்து இதையும் சாப்பிடுவான். அரியலூர்க்காரன் எதைப் போட்டாலும் சாப்பிட்டான்.

முட்டை அவித்தால் வெள்ளை அண்ணனுக்கு. மஞ்சளை எடுத்து என் தட்டில் வைப்பார். தினமும் வைப்பார். "வளர்ற பய, தின்னு" என்பார். எனக்கு அப்போது இருபத்து நாலு.

மூணு மாசம் கழித்து இருநூற்று நாற்பத்து நாலு. டாக்டர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நான் செய்த வேலையை ஒருத்தர் அளந்து பார்த்து நல்லா இருக்கிறது என்று சொன்னது அதுதான் முதல் தரம். அன்று ரோட்டில் அண்ணனுக்கு முன்னால் நடந்தேன்.

அப்புறம் இருநூற்று இருபத்தாறு.

அந்த நேரத்தில்தான் மெடிக்கல் பேப்பர் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை.

"எங்க லைன்ல ஒருத்தன சுகர்னு சொல்லி அனுப்பிட்டானுங்க" என்றான் கள்ளக்குறிச்சி.

"கொழுப்புன்னா?" என்று கேட்டார் அண்ணன்.

"கொழுப்புன்னா கேக்கவே வேணாம். வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே ஹார்ட்டு நின்னுடும்னு ஓரங்கட்டிடுவானுங்க."

அவனுக்கும் தெரியாது. யாரோ சொன்னதைச் சொன்னான். நாங்கள் யாரும் போய் விசாரிக்கவில்லை. கேட்டால் மாட்டிக்கொள்வோம் என்று பயம். அண்ணன் ஒப்பந்தத்தில் ஏழு வருஷம் நின்றவர். நாற்பது தாண்டினால் அப்புறம் எடுக்க மாட்டார்கள்.

"இன்னும் இருவத்தாறு அதிகமா இருக்குலே" என்றார். கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தார். அப்புறம் என் தட்டைப் பார்த்தார்.

"நீயும் நானும் ஒரு வருசமா ஒரே சட்டிச் சோறுதான திங்கோம்?"

"ஆமாண்ணா."

"ஒரே எண்ணெய். ஒரே கொள்ளு. அப்ப ஒன் ரத்தமும் என் ரத்தமும் ஒண்ணுதான?"

கள்ளக்குறிச்சி சிரித்தான். நான் சிரிக்கவில்லை. எனக்குச் சரியென்றுதான் பட்டது. ரத்தம் சோற்றிலிருந்துதானே வருகிறது. சட்டி ஒன்று. கரண்டி ஒன்று. என் வயசுக்குக் கொஞ்சம் குறைத்துக் காட்டும், அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைத்தேன். அவர் முட்டையின் மஞ்சளையும் நான்தான் தின்றேன். அப்படிப் பார்த்தால் என்னுடையது கொஞ்சம் கூடவே காட்டும், கணக்குச் சரியாகிவிடும் என்றுகூட நினைத்தேன்.

"ஒரு ஊசிதானண்ணா. குத்தட்டும்" என்றேன்.

அரியலூர்க்காரன் மட்டும் சாப்பிடுவதை நிறுத்தினான். என்னமோ சொல்ல வந்தான். சொல்லவில்லை.

மெடிக்கல் கம்பெனிக்குள் இல்லை. பென்னலூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். டோக்கன் கொடுத்தார்கள். அண்ணனுக்கு நாற்பத்தேழாம் நம்பர். ரத்தம் எடுக்கிற வரிசையில் டோக்கனோடு நான் நின்றேன். முந்தின ராத்திரியிலிருந்து நானும் பட்டினி.

நர்ஸ் பேர் கேட்டது. அண்ணன் பேரைச் சொன்னேன். அப்பா பேர் கேட்டது. அண்ணனுடைய அப்பா பேரைச் சொன்னேன். என் அப்பா அப்போது வீட்டில் உயிரோடு இருந்தார். ஊசி குத்தியது. குழாயில் அவர் பேர் எழுதிய சீட்டை ஒட்டினார்கள்.

பந்தி முடிந்து கை கழுவுகிற இடத்தில் வரிசையாக பைப். அங்கே அண்ணன் நின்றார். டோக்கனைக் கொடுத்தேன். பிரஷர், கண், எக்ஸ்ரே எல்லாம் அவரே போனார். வெளியே வந்ததும் ரெண்டு பேரும் இட்லி தின்றோம். அவர் என் தட்டில் ஒரு இட்லி கூட வைத்தார்.

ரிப்போர்ட் வந்தது. நூற்று அறுபத்தெட்டு. நார்மல்.

அண்ணன் பெர்மனென்ட் ஆனார். அந்தப் பேப்பரை லேமினேஷன் போட்டு ஊருக்கு அனுப்பினார். போனில் அண்ணியிடம் பேசினார். "எல்லாம் சரியாயிட்டு பிள்ள. பேப்பரே வந்துட்டு." அண்ணிக்கு அதில் பொய் இருப்பது தெரியாது.

ரூமில் அது வேடிக்கையாக ஓடியது. "நூத்தி அறுபத்தெட்டு வர்றாரு, வழி வுடு" என்பான் கள்ளக்குறிச்சி. அண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பார்.

மாத்திரை அட்டை தீர்ந்தது. புது அட்டை வரவில்லை.

"ண்ணா, மாத்திரை இன்னா ஆச்சு?"

"எதுக்குலே? அதான் பேப்பர்லயே இருக்கே." சிரித்துக்கொண்டு சொன்னார்.

ஒரு மாசம் கழித்துத் திரும்பக் கேட்டேன். அதையேதான் சொன்னார். சிரிக்கவில்லை. மெய்யாகவே சொன்னார்.

அது எனக்குத் தெரிந்தது. அவர் நம்ப ஆரம்பித்துவிட்டார். அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். ண்ணா, அது என் ரத்தம். நாலே வார்த்தை. சொல்லவில்லை. ஒரே சட்டிதானே என்று நானும் பாதி நம்பினேன்.

பாட்டிலில் கோடு போடுவது நின்றது. புரோட்டா வந்தது. ஆணியிலிருந்து துருவியை அவரே எடுத்துத் துடைத்துக் கீழே வைத்தார்.

2010, ஆடி மாசம். காற்று. அண்ணனுக்கு ரெண்டாவது ஷிப்ட். எனக்கு லீவு. காலையில் மீன் வாங்கிவந்தார். "தேங்கா அரைச்சு வைலே. ஒரு தடவை." அரை மூடி துருவினேன். நானே உட்கார்ந்து துருவினேன். மூணு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

"இப்பதாம்லே ஊருக்குப் போயிட்டு வந்த மாதிரி இருக்கு" என்றார். பையை எடுத்துக்கொண்டு படி இறங்கினார்.

ரெண்டு மணிக்குக் கம்பெனி பஸ். டீக்கடை ஓரம் திட்டில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் பை. பஸ் வந்தது. எல்லாரும் ஏறினார்கள். அவர் உட்கார்ந்தே இருந்தார். தூங்குறார் என்று டீக்கடைக்காரர் நினைத்தார். ஜன்னலில் பார்த்த கள்ளக்குறிச்சி ஓடுகிற பஸ்ஸிலிருந்து இறங்கினான். என்னைக் கூப்பிட மாடிக்கு ஓடிவந்தான். அவனுக்குப் பேச்சு வரவில்லை. அவனுக்கு.

நான் போய் அண்ணன் கையைப் பிடித்தேன். மீன் வாடை. என் கையிலும் அதே வாடை.

ஊருக்குக் கொண்டுபோனோம். மறுநாள் பகல் போய்ச் சேர்ந்தோம். சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள். அந்தப் பேப்பர் கைமாறிக்கொண்டிருந்தது. "கம்பெனில ரத்தம் பாத்து நல்லாருக்குன்னு எழுதிக் குடுத்திருக்கானுவளே. பொறவு எப்படி?" ஆளாளுக்குப் படித்தார்கள்.

அண்ணி என்னைப் பார்த்தார். "நீதான தம்பி ஆக்கிப் போடுத?"

"ஆமா அண்ணி."

"கடைசியா என்ன போட்ட?"

"மீன் கொழம்பு."

"தேங்கா?"

"போட்டேன்."

மகளுக்கு எட்டு வயசு. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து என்னையே பார்த்தது.

திரும்பி வரும்போது கள்ளக்குறிச்சி சொன்னான், "சொல்லிருக்கலாம் மாஸ்டர்."

"நீ சொல்றதுதான?"

ரெண்டு பேரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டோம்.

கொஞ்ச நாளில் அண்ணனோடு மெடிக்கலுக்கு வந்த ஒருத்தரை டீக்கடையில் பார்த்தேன். அவருக்கும் கொழுப்பு இருந்ததாம். இருநூற்று அறுபது.

"எடுத்துக்கினாங்களா?" என்றேன்.

"அதுக்கெல்லாம் யாரையும் தள்ளல. கம்பெனி டாக்டர் மூணு மாசத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டுப் பாப்பாரு. மாத்திரை குடுப்பாரு. உங்க அண்ணனக் கூப்பிடல. அவருதுதான் நார்மலாச்சே."

டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

ரூம் கலைந்தது. கள்ளக்குறிச்சி ஊர்ப் பக்கமே போய்விட்டான். அரியலூர்க்காரன் போகிற அன்று மட்டும் வாயைத் திறந்தான். "அன்னிக்கே வேணாம்னு சொல்ல வந்தேன்" என்றான். போய்விட்டான்.

நான் தனியாக அங்கேயே ஆறு மாசம் இருந்தேன். கொள்ளு ஊறவைத்தால் நாலு பேர் அளவு ஊறவைத்திருப்பேன். காலையில் மூடியைத் திறந்து பார்க்கும்போதுதான் தெரியும். தேங்காய் வாங்குவதே இல்லை. ஆனால் ரூமைத் திறந்தால் சில நாள் துருவிய தேங்காய் மணக்கும். துருவியைச் சாக்கில் கட்டிப் பரணில் போட்டேன். அப்போதும் மணந்தது.

ரெண்டு மணி பஸ் போகும்போது பின் சீட்டில் மடியில் பையோடு ஒரு ஆள். தினமும். வேற வேற ஆள்தான். எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்த நேரத்துக்கு ரோட்டின் எதிர்ப்பக்கமாக நடந்தேன்.

அப்புறம் கல்யாணம் ஆனது. வாலாஜாபாத்தில் வீடு பார்த்துக்கொண்டு வந்தேன். 2014ல் வேற கம்பெனி. அங்கேயும் மெடிக்கல். நர்ஸ் பேர் கேட்டது. சொன்னேன்.

"ஐடில வேற பேரு இருக்கே?"

நான் அண்ணன் பேரைச் சொல்லியிருக்கிறேன்.

நூற்று எழுபத்தொன்று வந்தது. டாக்டர் நல்ல மனுஷன். உட்காரச் சொல்லி, வீட்டில் யாருக்காவது நெஞ்சு நோய் உண்டா என்று கேட்டார். எங்க வீட்டில் இல்லை என்றேன். ரூமில் ஒரு அண்ணன் இருந்தார் என்றேன். கண்ணில் மஞ்சள் தடிப்பு, முன்னூற்றுப் பன்னிரண்டு, அவருடைய அண்ணனும் நாற்பத்தொன்றில் போனது, எல்லாம் சொன்னேன். மெடிக்கலில் என்ன செய்தோம் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அவருக்குப் பிள்ளைங்க இருக்கா?"

"ஒரு பொண்ணு சார்."

"அதுக்கு ரத்தம் பாத்தாங்களா?"

"தெரியல."

"இது சாப்பாட்டால மட்டும் வர்றது இல்ல. குடும்பத்துல வரும். அந்தப் பொண்ணுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பிள்ளைங்களுக்கு நூத்தி எழுபதுக்குள்ள இருக்கணும். இப்பவே கண்டுபிடிச்சா சாப்பாடும் மாத்திரையுமா நல்லா இருக்கலாம். கண்டுபிடிக்கலன்னா..."

பேனாவைத் திரும்ப எடுத்தார்.

அந்த வீட்டில் யாரும் அந்தப் பிள்ளைக்கு ரத்தம் பார்க்க மாட்டார்கள். அப்பா ரத்தம் நல்ல ரத்தம் என்று லேமினேஷன் போட்டு வைத்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். சாக்கில் துருவியையும் எடுத்துக்கொண்டேன். அது அவர்கள் வீட்டுப் பொருள்.

அண்ணி உள்ளே கூப்பிட்டார். உட்காரவில்லை. சுவரில் அண்ணன் படம். படத்துக்குக் கீழே சின்னப் பலகை. அதில் அந்தப் பேப்பர். ஓரத்தில் குங்குமம்.

நின்றபடியே சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை பேசியது, மண்டபம், டோக்கன், நர்ஸ். வரிசையாகச் சொன்னேன். அண்ணன்தான் கேட்டார் என்று சொல்லவில்லை. நான் போனேன் என்றுதான் சொன்னேன்.

அண்ணி பேப்பரைக் கையில் எடுத்தார்.

"அப்ப இது ஒன் ரத்தமா?"

"ஆமா அண்ணி."

"நாலு வருசமா இதுக்கா பொட்டு வச்சேன்."

சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. முந்தானையால் குங்குமத்தைத் துடைத்தார். நன்றாகத் தேய்த்துத் துடைத்தார். என் கையில் கொடுத்தார்.

"ஒன்னோடத நீ எடுத்துட்டுப் போ."

வாங்கிக்கொண்டேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். பிள்ளைக்குப் பார்க்க வேண்டும், வெறும் வயிற்றில் போக வேண்டும், நூற்று எழுபதுக்குள் இருக்க வேண்டும். பிள்ளை உள்ளே ஏதோ படித்துக்கொண்டிருந்தது. பன்னிரண்டு வயசு. சத்தம் கேட்டது. நான் எட்டிப் பார்க்கவில்லை.

"நான் கூட்டிட்டுப் போறேன் அண்ணி."

"வேண்டாம். எம் பிள்ளைய நான் கூட்டிட்டுப் போவேன். அது ரத்தத்த அதுதான் குடுக்கும்."

துருவியை வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.

நாலாம் நாள் போன் வந்தது. நான் லைனில் நின்றேன். சூப்பர்வைசரிடம் கையைக் காட்டிவிட்டு வெளியே வந்தேன். அண்ணி நல்லா இருக்கியா என்று கேட்கவில்லை.

"அவியளுக்கு மொதல்ல ஆக்கிப் போட்டியே. எண்ணெய் கொறைச்சு, கோடு போட்டு. அந்தச் சாப்பாடு. அத ஒவ்வொண்ணாச் சொல்லு."

சொன்னேன். ஓட்ஸ். கம்பு. வெந்தயம். தோல் உரித்த கோழி. எண்ணெய் அளவு. பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. பிள்ளை எழுதுகிறது போல.

"கொள்ளு எம்புட்டு நேரம் ஊறணும்?"

"ஒரு ராத்திரி அண்ணி. மாத்திரை?"

"டாக்டர் சொல்லிருக்காவ. நாளைக்கு பாளையங்கோட்டைக்குப் பெரிய டாக்டர்ட்ட போறோம்."

அதுக்கு அப்புறமும் அவர் போனை வைக்கவில்லை.

"எவ்வளவு அண்ணி?" என்றேன்.

பேப்பரைப் பிரிக்கிற சத்தம். பார்த்துப் படித்தார்.

இருநூற்றுத் தொண்ணூற்றொன்று.